மில்டன் ஆபஸ்: ஜன்னலுக்கு முன்னால் நின்றதால் இடம் பெயர்ந்த ஊர்

நீங்கள் கேட்டிருப்பது இங்கிலாந்து நாட்காட்டிகளில் அடிக்கடி வரும் ஒரு படத்தைப் பற்றி. சரிவாக இறங்கும் ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வெள்ளை வீடுகள், மேலே வைக்கோல் கூரை, வாசலில் வேலியில்லாத புல்தரை, வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் காடு. இப்படி ஒரு கிராமம் தானாக வளர்ந்திருக்க முடியுமா, யாராவது திட்டம் போட்டுக் கட்டினார்களா, கட்டியிருந்தால் எதற்காக, அங்கே போனால் என்னென்ன பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி.

அந்த ஊர் தென்மேற்கு இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தில் இருக்கும் மில்டன் ஆபஸ். தானாக வளரவில்லை. 1770களிலும் 1780களிலும் ஒரு பிரபு தன் செலவில், தன் நிலத்தில், தன் வசதிக்காகக் கட்டியது. ஆனால் அங்கே ஊர் இல்லாமல் இருந்து புதிதாகக் கட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மிடில்டன் என்று ஒரு முழு ஊர் இருந்தது. சந்தை கூடும் ஊர். அதை வீடு வீடாக இடித்துத் தள்ளிவிட்டுத்தான் இதைக் கட்டினார். படத்தில் தெரிவது பாதிக் கதை. மீதிப் பாதி, அரை மைல் தள்ளிப் புல்லுக்கு அடியில் கிடக்கிறது. அதனால் அந்தப் பழைய ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

மிடில்டன் ஒரு மடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். பத்தாம் நூற்றாண்டில் ஆதல்ஸ்டன் என்ற அரசர் அந்த மடத்தை நிறுவினார். கடலில் மூழ்கிப்போன தன் தம்பியின் நினைவாக நிறுவினார் என்பது மரபாக வரும் கதை. 964இல் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமானது. 1309இல் மின்னல் விழுந்து ஆலயம் எரிந்தது. திரும்பக் கட்டும் வேலை தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டே போனது, கடைசிவரை முடியவில்லை. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் ஆலயத்துக்குப் பீடப்பகுதி இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, இரண்டு கைகள்போல் வடக்கிலும் தெற்கிலும் நீளும் பகுதிகள் இருக்கின்றன. மக்கள் நின்று கும்பிட வேண்டிய நீண்ட முன்மண்டபம் மட்டும் இல்லை. அந்தக் குறையோடேயே அது ஒரு பேராலயத்தின் கம்பீரத்தோடு நிற்கிறது.

மடம் இருந்தால் சந்தை வரும், சத்திரம் வரும், பள்ளிக்கூடம் வரும். மிடில்டனில் எல்லாம் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், மதுவிடுதிகள், பியர் காய்ச்சும் சாலை. 1521இல் வில்லியம் மிடில்டன் என்ற மடாதிபதி நிறுவிய இலக்கணப் பள்ளி ஒன்றும் இருந்தது. இந்த மடாதிபதி 1498இல் கட்டிய பெரிய கூடம் இன்னும் இருக்கிறது. தன் பெயரை அவர் கல்லில் செதுக்கி வைத்திருக்கும் விதம் அழகானது: ஒரு பீப்பாயின்மேல் ஒரு காற்றாலை. ஆலைக்கு மில், பீப்பாய்க்கு டன். இரண்டையும் சேர்த்து வாசித்தால் மில்டன், மிடில்டன் என்ற பெயரின் சுருக்கம்.

1539இல் எட்டாம் ஹென்றி மற்ற மடங்களைக் கலைத்ததுபோல இதையும் கலைத்தார். மறுவருடம் ஜான் டிரெகன்வெல் என்ற வழக்கறிஞர் 1000 பவுனுக்கு இதை வாங்கினார். ராணி கேத்தரினை விலக்கிவைக்க ராஜாவுக்குச் சட்ட வேலை பார்த்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அவர் மடத்தை வீடாக்கிக்கொண்டார். ஆலயத்தை ஊர்மக்கள் தங்கள் கோயிலாக வைத்துக்கொண்டார்கள். ஊர் ஊராகவே இருந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சின்னக் கதை. அதே ஜான் டிரெகன்வெல் என்ற பெயருடைய பின்னாளைய வாரிசு ஒருவர், ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கும்போது ஆலயத்தின் கூரை உச்சியிலிருந்து விழுந்துவிட்டார். அந்தக் காலத்தில் சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான் போடுவார்கள். அந்தக் கவுன் காற்றில் குடைபோல விரிந்து, அடிபடாமல் தரையில் இறங்கினாராம். 1680இல் இறந்தபோது, பிழைத்ததற்கு நன்றிக்கடனாகத் தன் புத்தகங்களையெல்லாம் அந்த ஆலயத்துக்கே எழுதிவைத்தார். குழந்தை ஏறி விளையாடும் அளவுக்கு ஊருக்கும் ஆலயத்துக்கும் நெருக்கம் இருந்த காலம் அது.

1752இல் இந்தப் பண்ணையை ஜோசப் டேமர் வாங்கினார். அயர்லாந்தில் வட்டிக்குக் கொடுத்துப் பெரும் பணக்காரரான ஒரு முன்னோரிடமிருந்து வந்த சொத்து அவருடையது. மனைவி கரோலின், டார்செட் கோமகனின் மகள். பணம் இருந்தது, உயர்ந்த இடத்துச் சம்பந்தம் இருந்தது. பட்டம் அடுத்த வருடமே வந்தது. மில்டன் பிரபு ஆனார், பின்னால் 1792இல் டார்செஸ்டர் கோமானும் ஆனார். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு அந்தஸ்துக்கேற்ற மாளிகை வேண்டும். மாளிகை இருந்தால் அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்வெளி வேண்டும். அன்றைய பெரிய வீட்டு நாகரிகம் அது. ஜன்னலைத் திறந்தால் மேயும் மான்கள், வளைந்து போகும் ஏரி, தூரத்தில் மரக்கூட்டம். மனித நடமாட்டம் தெரியவே கூடாது.

ஆனால் டேமர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது சந்தைத் தெரு. வண்டிச் சத்தம், பியர் காய்ச்சும் வாசனை, சுவர் ஏறித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பள்ளிக்கூடப் பையன்கள். ஊர் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தது. அவர் பார்வையில் அப்படித்தான். உண்மையில் ஊர்தான் முதலில் வந்தது.

1763 முதல் நிலத்தை அழகுபடுத்த லான்சலாட் பிரவுனை அழைத்துவந்தார். ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பெயர் பெற்றவர். யாருடைய நிலத்தைப் பார்த்தாலும் “இதில் செய்ய நிறைய இருக்கிறது” என்ற பொருளில் அந்தச் சொல்லைச் சொல்லுவாராம், அது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. மாளிகைக்கு வில்லியம் சேம்பர்ஸ். லண்டன் கியூ தோட்டத்தில் நிற்கும் சீனக் கோபுரம் அவருடைய வேலை. இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. பிரவுனின் பாணியைத் தாக்கி சேம்பர்ஸ் அச்சிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் டேமர் விஷயத்தில் சேம்பர்ஸுக்கு அதைவிடப் பெரிய மனக்கசப்பு. ஒரு கடிதத்தில், பண்பில்லாத, அதிகாரத் திமிர் பிடித்த பிரபு என்று எழுதினார். கொஞ்ச காலத்தில் வேலையை விட்டே போய்விட்டார். மிச்சத்தை ஜேம்ஸ் வயட் எடுத்துக்கொண்டார். காசு கொடுத்து அழைத்த கட்டடக் கலைஞரையே இப்படி நடத்தியவர் குடியானவர்களை எப்படி நடத்தியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நிறையப் பேர் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஊரையே ஒரு மனிதர் எப்படி இடிக்க முடியும், சட்டம் ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். சட்டம் இருந்தது. அது அவர் பக்கம் இருந்தது. ஊரின் நிலம் பெரும்பாலும் பண்ணைக்குச் சொந்தம். மக்கள் அதில் குத்தகைதாரர்கள். அந்தப் பகுதியில் வழக்கமான குத்தகை வருடக் கணக்கில் இருக்காது, உயிர்க்கணக்கில் இருக்கும். பத்திரத்தில் மூன்று பேர் பெயர் இருக்கும். அந்த மூவரில் ஒருவர் உயிரோடிருக்கும்வரை வீடு உங்களுடையது. வழக்கமாக ஒருவர் இறந்தால் கொஞ்சம் பணம் கட்டி இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியே தலைமுறைகள் ஓடும். டேமர் செய்தது ரொம்ப எளிமையானது. புதுப் பெயர் சேர்க்கச் சம்மதிக்கவில்லை. விற்கத் தயாரானவர்களிடம் குத்தகையை விலைக்கு வாங்கினார். மற்றவர்கள் விஷயத்தில் சாவுக்காகக் காத்திருந்தார். பத்திரத்தில் கடைசிப் பெயர்க்காரர் கண்ணை மூடியதும் வீடு பண்ணைக்கு வந்துவிடும், அடுத்து கடப்பாறை. அதனால்தான் ஊர் ஒரே நாளில் போகவில்லை. இருபது வருடம் ஆனது. இந்த இருபது வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீடு போய்விட்டது, எதிர் வீடு போய்விட்டது, உங்கள் வீட்டில் படுத்திருக்கும் பெரியவரின் இருமலைக் கேட்டுக்கொண்டு நீங்கள் இருக்கிறீர்கள்.

எல்லாரும் தலையாட்டிவிடவில்லை. வில்லியம் ஹாரிசன் என்று ஒரு வழக்கறிஞர் அந்த ஊரில் இருந்தார். குத்தகையை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிரபு பேசிப் பார்த்தார், மசியவில்லை. கடைசியில் பழைய மடத்துக் குளத்தின் மதகைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஹாரிசன் வீட்டுக்குள் புகுந்தது என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஹாரிசன் சட்டம் படித்தவர் இல்லையா, நேரே வழக்குப் போட்டார். ஜெயித்தார். பிரபுமேல் ஒரு கிராமத்து வக்கீல் வழக்குப் போட்டு ஜெயிப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. மில்டன் ஆபஸைப் பற்றி எழுதும்போது பிரவுனையும் சேம்பர்ஸையும் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஹாரிசன் பெயரை அவர்களுக்கு முன்னால் எழுத வேண்டும்.

இதோடு ஒப்பிட இன்னொரு ஊர் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் நூனம் கோர்ட்னி. 1760களில் ஹார்கோர்ட் பிரபு அங்கேயும் மாளிகைக்குப் பக்கத்திலிருந்த கிராமத்தை அகற்றி, நெடுஞ்சாலையோரம் இரண்டு வரிசையாகப் புது வீடுகள் கட்டினார். ஆனால் பாப்ஸ் வயட் என்ற கிழவி தன் குடிசையை விட்டு வர மனமில்லாமல் இருந்தாள். அவளை அங்கேயே இருக்க விட்டுவிட்டார்கள். ஒரே காலம், ஒரே ஆசை. ஒருவர் கிழவியை விட்டுவைத்தார், இன்னொருவர் மதகைத் திறந்தார். எல்லாப் பிரபுக்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தை அகற்றுவதும் சுலபமாக இல்லை. அதற்கு அறங்காவலர்கள் இருந்தார்கள், எதிர்த்தார்கள். கடைசியில் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் இயற்றி 1785இல் பிளாண்ட்ஃபோர்ட் என்ற பக்கத்து டவுனுக்கு அதை மாற்றினார்கள். ஊரிலிருந்து பழம் திருடும் பையன்களும் போய்விட்டார்கள்.

சரி, இனி புது ஊர். இடம் தேர்ந்தெடுத்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். மாளிகைக்குத் தென்கிழக்கே, இரண்டு பக்கமும் காடு மூடிய ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. மாளிகையின் எந்த ஜன்னலிலிருந்தும் அங்கே இருக்கும் ஒரு புகைக்கூண்டுகூடத் தெரியாது. பிரவுன் 1773இல் அதற்கான திட்டத்தைக் கொடுத்திருக்கிறார், சேம்பர்ஸின் கையும் அதில் உண்டு. எந்த வளைவு யாருடையது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என் கருத்தில் தெருவின் போக்கு பிரவுனுடையதாகத்தான் இருக்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் முழுத் தெருவும் தெரியாது. இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வரும். ஒரு பூங்காவின் பாதையை அமைக்கத் தெரிந்தவரின் கைவேலை அது.

முப்பத்தாறு வீடுகள். ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் சதுரக் கட்டடங்கள். நான் முதன்முதலில் போனபோது, ஒரு வீட்டின் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கதவு, இரு பக்கமும் அளந்து வைத்ததுபோல் ஜன்னல்கள். நல்ல அகலமான தனிவீடு என்றுதான் தோன்றும். உண்மையில் அது இரண்டு குடும்பங்களுக்கான வீடு. அந்த ஒற்றைக் கதவைத் திறந்தால் சின்ன நடை, அதிலிருந்து இடப்பக்கம் ஒரு குடும்பத்தின் கதவு, வலப்பக்கம் இன்னொரு குடும்பத்தின் கதவு. தெருவிலிருந்து பார்க்கும்போது நெருக்கடி தெரியக் கூடாது, கௌரவமாகத் தெரிய வேண்டும். அதற்காக இரண்டு குடும்பங்கள் வாழ்நாளெல்லாம் ஒரே வாசலில் போய்வந்தார்கள். பிற்காலத்தில் பல இடங்களில் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே வீடாக்கிவிட்டார்கள். அதனால் இன்று போகிறவர்கள் இது எவ்வளவு விசாலமான வீடு என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

சுவர் கல்லோ செங்கல்லோ அல்ல, மண்சுவர். அங்கே அதைக் காப் என்பார்கள். மண், சுண்ணக்கல் தூள், வைக்கோல், தண்ணீர் எல்லாம் சேர்த்து மிதித்துக் குழைத்து, அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகு அடுத்தது வைப்பது. நம் ஊரில் மண்சுவர் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காப் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் கொடுத்தால் போதும், என்றைக்கும் நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தொப்பி என்பது சுவரைத் தாண்டி நன்றாக இறங்கும் வைக்கோல் கூரை, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் காக்கும். செருப்பு என்பது அடியில் போடும் கல் அடித்தளம், ஈரம் ஏறாமல் காக்கும். இருநூறு வருடம் தாண்டி அந்தச் சுவர்கள் நிற்பதைப் பார்த்தால் பேச்சு மெய்தான் என்று தெரிகிறது. இன்று வெள்ளையாகத் தெரியும் வீடுகள் முன்பு மஞ்சள் பூச்சில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் ஒரு குதிரைச் செஸ்நட் மரம் நட்டிருந்தார்கள். அந்த மரங்கள் 1950களில் வெட்டப்பட்டன. பழைய புகைப்படங்களில் தெரு வேறு மாதிரி இருக்கும். வீடுகள் நிழலில் பாதி மறைந்து, மரங்கள்தான் முன்னால் நிற்கும். இப்போது வீடுகள் பளிச்சென்று தெரிவதால்தான் நாட்காட்டிக்கு வந்தன.

தெருவின் நடுவில் எதிரெதிராக இரண்டு முக்கியமான கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று புனித ஜேம்ஸ் ஆலயம், 1786இல் அபிஷேகம் செய்யப்பட்டது, வயட்டின் வேலை. அது ஏன் தேவைப்பட்டது என்றால், மடத்து ஆலயத்தை டேமர் தன் குடும்பத்தின் சொந்த ஆலயமாக ஆக்கிக்கொண்டார். நூற்றாண்டுகளாக ஊர் கும்பிட்ட இடத்துக்கு ஊர் போக முடியாமல் ஆனது. அதற்கு ஈடாக இது. அங்கிருந்த கல்லறைத் தோட்டத்தையும் சமன்படுத்தி விட்டார்கள். ஊர்மக்கள் மனதில் ஆறாத புண் அதுதான் என்று நினைக்கிறேன். வீட்டைக் கொடுத்தார், கோயிலைக் கொடுத்தார். தாத்தா பாட்டி புதைந்த மண்ணை யார் தர முடியும்?

ஆலயத்துக்கு எதிரே ஒரு ஏழையர் இல்லம். முதியவர்களும் நாதியற்றவர்களும் தங்குவதற்கான நீண்ட கட்டடம். தெருவில் இது ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல், கனத்த தோற்றத்தோடு இருக்கும். காரணம் உண்டு. இது 1674இல் பழைய மிடில்டனில் கட்டப்பட்டது. 1779இல் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே திரும்ப எழுப்பினார்கள். இடம் பெயர்ந்தவர்களோடு தானும் இடம் பெயர்ந்த ஒரே கட்டடம். பழைய ஊரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் இதன் சுவரில் கை வைத்துப் பாருங்கள். தெருவில் இறங்கிப்போகும் எல்லாரும் ஆலயத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன்.

ஊர் பார்க்க அழகாக இருந்தது என்பதால் வாழ்க்கையும் அழகாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சந்தை போனதோடு கடைக்காரர்களும் கைத்தொழில்காரர்களும் பிழைப்பை இழந்தார்கள். எஞ்சியது பண்ணைக் கூலி வேலை. டார்செட் கூலிகள் இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களில் சேர்ந்தவர்கள். இங்கிருந்து தெற்கே சில மைல் போனால் டோல்பட்ல் வரும். 1834இல் அங்கே ஆறு விவசாயக் கூலிகள், வாரக்கூலி 7 ஷில்லிங்குக்கு இறங்கி இன்னும் குறையப்போகிறது என்றதும் சங்கம் சேர்ந்தார்கள். அதற்காக அவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. மில்டன் ஆபஸின் வெள்ளை வீடுகளுக்குள் இருந்த பசியும் அதே பசிதான். இரண்டு குடும்பத்துக்கு என்று கட்டிய வீடுகளில் போகப்போக அதைவிடக் கூடுதலானவர்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

இவ்வளவு செய்த மனிதருக்கு என்ன கிடைத்தது? 1775இல் மனைவி கரோலின் இறந்தார். மறுவருடம் மூத்த மகன் ஜான், கழுத்தளவு கடனில், லண்டன் கோவன்ட் கார்டனில் ஒரு விடுதியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். சகோதரர்களின் கடன் 70,000 பவுன் என்று சொல்வார்கள், தந்தை உதவ மறுத்துவிட்டார். ஜானின் மனைவி ஆன் டேமர் பின்னால் பெயர்பெற்ற சிற்பி ஆனார். தேம்ஸ் நதிமேல் ஹென்லி பாலத்தில் இருக்கும் இரண்டு முகங்கள் அவர் செதுக்கியவை. டேமர் 1798இல் இறந்தார். பட்டம் இரண்டாம் மகன் ஜார்ஜுக்குப் போனது. அவரும் பிள்ளையில்லாமல் 1808இல் இறக்க, டார்செஸ்டர் கோமான் பட்டம் அதோடு அற்றுப்போனது. யாருக்காக ஊரை அகற்றினாரோ அந்த வம்சம், அவருக்குப் பின் பத்தே வருடத்தில் ஆண்வாரிசு இல்லாமல் முடிந்தது.

மடத்து ஆலயத்தின் வடக்குக் கையில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது. அங்கே போனால் தவறவிடாதீர்கள். ராபர்ட் ஆடம் வடிவமைத்து அகஸ்டினோ கார்லினி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கியது. கரோலின் கண் மூடிப் படுத்திருக்கிறார், உடையின் ஒவ்வொரு மடிப்பும் துணிபோலவே தொங்குகிறது. பக்கத்தில் டேமர், முழங்கை ஊன்றி, தலையைக் கையில் தாங்கி, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வையில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மனைவியை உண்மையாகவே நேசித்திருக்கிறார். அதே மனிதர்தான் மதகைத் திறக்கச் சொன்னவர். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சிலை முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

அதே ஆலயத்தில் பார்க்க இன்னொன்று, மரத்தால் ஆன உயரமான கூண்டுபோன்ற ஒரு பேழை. திருவிருந்து அப்பத்தை வைத்து மேலேயிருந்து தொங்கவிட்டிருந்தது. மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் இப்படிப்பட்டவை நாடெங்கும் உடைந்து போயின. இங்கிலாந்தில் தப்பிப் பிழைத்தவை மிகச் சில.

பின்னாளைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1852இல் டென்மார்க்கிலிருந்து வந்த வங்கிக் குடும்பமான ஹாம்ப்ரோக்கள் பண்ணையை வாங்கினார்கள். தெருவின் மேல்முனையில் இருக்கும் ஹாம்ப்ரோ ஆர்ம்ஸ் விடுதிக்கு அந்தப் பெயர்தான். 1865இல் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டைக் கொண்டு மடத்து ஆலயத்தைச் செப்பனிட்டார்கள். 1932இல் பண்ணை துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஒரே எஜமானரிடம் இருந்த ஊர் அப்போதுதான் பல கைகளுக்குப் போனது. மாளிகை 1954இல் பள்ளிக்கூடமானது. ஊரிலிருந்து பள்ளிக்கூடத்தைத் துரத்திய மனிதரின் வீட்டிலேயே பிள்ளைகள் படிக்க வந்தார்கள். புது ஊர் பிறந்ததைக் கொண்டாடி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தெருத் திருவிழா நடத்துகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு உடை உடுத்திக்கொண்டு ஊரே தெருவில் இறங்கிவிடும்.

நீங்கள் போவதாக இருந்தால் இப்படிப் போங்கள். தெருவின் மேல்முனையிலிருந்து இறங்கத் தொடங்குங்கள். கீழிருந்து ஏறினால் தெரு திறந்துவரும் அழகு கிடைக்காது. அடியில் பிரவுனின் ஏரி வரும். பழைய ஊர் இந்த ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அதன் பெரும்பகுதி மடத்து ஆலயத்துக்குத் தெற்கே உள்ள புல்வெளியின் அடியில்தான் இருக்கிறது. அந்தப் புல்வெளிக்கு மாலை வெயில் சாயும் நேரத்தில் போய் நில்லுங்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. வெயில் படுத்து விழும்போது புல்லில் மேடும் பள்ளமும் நிழல் கட்டும். வீடுகள் நின்ற திட்டுகளும் தெருக்கள் போன தாழ்வுகளும்தான் அப்படி நிழலில் எழுந்து வருகின்றன.

அங்கிருந்து கிழக்கே மலைமேல் 111 படிகள் ஏறுகின்றன. கல்படிகள் அல்ல, புல்லிலேயே வெட்டிய படிகள். மேலே புனித கேத்தரின் சிற்றாலயம், நார்மன் காலத்தது, இந்தப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. இங்கே வந்து வேண்டிக்கொள்பவர்களுக்கு 110 நாள் பாவத்தண்டனை குறையும் என்று லத்தீனில் வெட்டிய கல்லெழுத்து கதவருகே இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்கள் நல்ல வரன் வேண்டி இந்தப் படியெல்லாம் ஏறி வந்திருக்கிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் ஒரு கூலிக்காரக் குடும்பம் இதற்குள் குடியிருந்தது, பிறகு திரும்பவும் ஆலயமாக்கினார்கள்.

படி ஏறி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். கீழே மடத்து ஆலயம், அதை ஒட்டி மாளிகை, அவற்றைச் சுற்றி ஒரு வேலிகூட இல்லாத பச்சை. டேமர் தன் ஜன்னலிலிருந்து பார்க்க ஆசைப்பட்டது இந்தப் பச்சையைத்தான். நீங்கள் சற்று முன் இறங்கிவந்த தெருவும் அந்த முப்பத்தாறு வீடுகளும் எந்தப் பக்கம் என்று தேடுவீர்கள். தெரியாது.